நெருப்பைத் தொடாமல் அளக்கிறவனுக்கு

பிரபு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "நல்லா இருக்கேம்ப்பா" என்பாய். டைபாய்டு வந்து ஹாஸ்டல் அறையில் சுருண்டு கிடந்தபோதும் போனில் அதையேதான் சொன்னாய். அதனால் என் நலத்தைச் சொல்லித் தொடங்குகிறேன். முழங்கால் வலி முன்பைவிட அதிகம். கடையில் மேல்தட்டு அண்டாக்களை இறக்க நான் ஏணி ஏறுவதை உன் அம்மா நிறுத்திவிட்டாள். சாப்பிட்டவுடன் தூக்கம் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது. பார், உடம்பில் உள்ளதை உள்ளபடி சொல்ல நாலு வரி போதும். இந்த வயதில் நானே கற்றுக்கொண்டேன் என்றால் நீயும் கற்றுக்கொள்ளலாம்.

இன்னும் சில நாளில் நீ ஜெர்மனிக்குப் புறப்பட வேண்டும். டிக்கெட் எடுத்தாயிற்று, விசா வந்தாயிற்று, அம்மாவின் சம்மதம் மட்டும்தான் வரவில்லை என்று தவித்துக்கொண்டிருக்கிறாய். அதைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்லலாம். ஆனால் நீயும் நானும் நடுவில் ஒரு கேரம் போர்டு இல்லாமல் பேசிப் பழகாதவர்கள். நம் ஊர் ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மத்தியான நேரம் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். வெயிலில் யாரும் பாத்திரம் வாங்க வருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது வந்தால் எழுந்து போய் வருவேன். எழுத்து அங்கங்கே விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ பெங்களூரில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில், உன் பையன் அங்கே என்ன செய்கிறான் என்று கேட்காதவர் இந்த பஜாரில் இல்லை. நெருப்பில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று பார்க்கிறான் என்பேன். பக்கத்து ஜவுளிக்கடைக்காரர், "அதுக்கு இன்னாத்துக்கு இத்தினி வருசம் படிப்பு? தெர்மாமீட்டர் வச்சா தெரிஞ்சிடப் போவுது" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். நீ எச்சில் கையோடு எழுந்து அடுக்களைக்குப் போய், "அம்மா, அடுப்பப் பத்தவைங்க" என்றாய்.

அந்த நீல நெருப்பின் முன்னால் நின்று நீ சொன்னது எனக்கு இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. "இதுக்குள்ள ஒரு கம்பிய வச்சு சூடு பாக்கலாம்ப்பா. ஆனா கம்பி சூடாவறதுக்குள்ள அந்த கேஸ் மேல போயிடும். வேற கேஸ் வந்துடும். கம்பி சொல்றது எப்பவுமே பழைய கதை. அதுவுமில்லாம, கம்பிய நட்டா நெருப்பே வளைஞ்சு போவுது. நான் அளக்க வந்தது அந்த நெருப்ப இல்லன்னு ஆயிடுது."

"அப்ப இன்னாதான் பண்ணுவே?" என்றாள் உன் அம்மா.

"தொடாம பாப்பேன்."

லேசர் வெளிச்சத்தைக் கண்ணாடிகளால் தட்டையாகப் பரப்பி, ஒரு தகடுபோல நெருப்பின் குறுக்கே விடுவீர்கள் என்றாய். "பேப்பர் ரோஸ்ட் மாதிரியா?" என்று அவள் கேட்டாள். "அதவிட மெல்லிசும்மா." அந்த வெளிச்சம் காற்றில் உள்ள மூலக்கூறுகள்மேல் பட்டுச் சிதறும், சிதறியதைக் கேமரா படம் பிடிக்கும். ஒரு நொடிக்குள் லேசர் ஆயிரக்கணக்கான தடவை வெட்டும், வெட்டுக்கு ஒரு படம். படத்தில் எந்த இடம் இருட்டாக இருக்கிறதோ அதுதான் சூடான இடம் என்றாய். உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. சூடான இடம்தானே பளிச்சென்று இருக்க வேண்டும் என்றாள். சூடானால் கேஸ் விரிந்துவிடும், அந்த இடத்தில் மூலக்கூறுகளின் கூட்டம் குறைந்துவிடும், கூட்டம் குறைந்தால் வெளிச்சத்தைச் சிதறடிக்க ஆள் இல்லை என்று விளக்கினாய். எனக்கு உடனே பெங்களூர் போகும் மாரிக்குப்பம் ரயில்தான் ஞாபகம் வந்தது. காலை வண்டியில் ஒரு பந்தை எறிந்தால் யார் தலையிலாவது படாமல் போகாது. மத்தியான வண்டியில் எறிந்தால் அந்தக் கோடிவரைக்கும் உருண்டு போகும். பட்டுத் திரும்புவதை வைத்து வண்டியில் எவ்வளவு கூட்டம் என்று கணக்குப் போடலாம். "கரெக்ட்ப்பா, அவ்ளோதான்!" என்று நீ என் முதுகில் தட்டினாய். எச்சில் கை என்பதை மறந்துவிட்டாய். சட்டையில் சாம்பார்க் கறை. ஆனால் அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். விமான எஞ்சினுக்குள் நெருப்பு குமுறும்போது சூடு எப்படி ஏறி இறங்குகிறது என்று தெரியாவிட்டால் உள்ளே இருக்கும் உலோகம் வெடித்துவிடும், என் மகன் அதைத்தான் பார்க்கிறான் என்றேன். அதன்பிறகு ஜவுளிக்கடைக்காரர் தெர்மாமீட்டர் பேச்சை எடுப்பதில்லை.

இன்னொரு தடவை நீ வந்து, பளபளப்பே இல்லாத கறுப்புப் பெயின்ட் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். மேஜைமேல் இருக்கிற எந்த உலோகத்திலாவது லேசர் பட்டால் அது எதிரொளித்துப் படத்தைக் கெடுத்துவிடுமாம். நான் சிரித்தேன். காலையில் கடை திறந்ததும் எவர்சில்வர் பாத்திரங்களைத் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்குவது என் பிழைப்பு, எதுவும் பளபளக்கக் கூடாது என்று கறுப்படிப்பது உன் பிழைப்பு. அந்த எதிரொளி படத்தை மட்டும் கெடுக்காது, கண்ணையும் கெடுக்கும் என்று நீ அன்று சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

உன் கண் விஷயம் எனக்குத் தெரியவந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடையைப் பாதி நாளோடு மூடிவிட்டுப் பின்னறையில் நாம் கேரம் ஆடினோம். சின்ன வயதிலிருந்தே நீ ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்க்கும்போது இடது கண்ணை மூடிக்கொள்வாய். எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறேன். அன்று நீ வலது கண்ணை மூடினாய். முதலில் நான் கவனிக்கவில்லை. சிவப்புக் காய் குழி வாசலில் நின்றது, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். நீ தவறவிட்டாய். அடுத்ததையும் விட்டாய். அப்போதுதான் உன் முகத்தைப் பார்த்தேன்.

"இன்னாடா, கண்ண மாத்தி மூடற?"

"இல்லியேப்பா."

"இடது கண்ண மூடி அடி, பாக்கலாம்."

நீ மூடினாய். ஸ்ட்ரைக்கரில் விரலை வைத்தாய். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு விரலை எடுத்துவிட்டு, ஏதோ கடை விவகாரம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாய்: "வலது கண்ணால பாத்தா காய் தெரியலப்பா. சுத்தி இருக்கற போர்டு தெரியுது. பாக்கற எடம் மட்டும் இல்ல."

நான் குனிந்து, என் முகம் தெரிகிறதா என்று கேட்டேன். காது தெரிகிறது, தலைமுடி தெரிகிறது என்றாய்.

கண்ணில் அடிபட்டு மூன்று வாரமாகியிருந்தது. இடையில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு வந்து, அம்மா கையால் சாப்பிட்டு, நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாய். நடந்ததை அன்று என்னிடம் சொன்னாய். பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் அந்தக் கண்ணாடியே. ஆனால் கதிர் சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்கும் அவசரத்தில் நீ ஒரு கணம் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினாய். உயரம் அளக்க யாரோ கொண்டுவந்த ஸ்டீல் ஸ்கேல் மேஜையிலேயே கிடந்தது. கதிர் அதன்மேல் பட்டுத் தெறித்தது. வலிக்கவே இல்லை என்றாய். ஒரு பச்சை மின்னல், பிறகு பார்வையின் நடுவில் ஒரு புள்ளி. புள்ளி போய்விடும் என்று நினைத்தாயாம். விழித்திரையின் நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிய பிறகும், எங்களிடம் புள்ளி போய்விட்டது போலவே நடமாடினாய்.

உனக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை, ஒன்று சொல்கிறேன். அன்று நீ பேசி முடித்தபோது நான் பதறியது உண்மை. ஆனால் மனசின் ஒரு மூலையில், சரி, இனி கடைக்கு வந்து உட்காருவான் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. ஒரு கண நேரம்தான். எந்தக் கம்பி வைத்தும் அதை அளந்திருக்க முடியாது. ஆனால் ஓடியது. அதற்குப் பிறகு பல நாள், சாயங்கால வெயில் சாய்ந்து அலமாரி முழுக்கக் குடமும் தட்டும் மின்னும்போது, அதில் தெரியும் என்னைப் பார்க்கக் கூசி, நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆபரேஷன் முடிந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக, கையில் சாத்துக்குடிப் பையோடு, அறை வாசலிலேயே நின்றாள். ஹாசன் பக்கத்துப் பெண், உனக்கு ஜூனியர், பெயர் நந்தினி. "தப்பாயித்து அங்கிள்" என்றாள். தப்பாகிவிட்டது என்று கன்னடத்தில் சொல்லி, ஸ்கேலை மேஜையில் மறந்து வைத்தது தான்தான் என்று அழுதாள். அவள் அழுகிறாள் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. "உன் ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு" என்றேன், அவள் மொழியிலேயே. அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. நீ கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாய். தலையணைக்குள்ளிருந்து உன் குரல் வந்தது: "அப்பா. ஸ்கேல அவ வச்சா. கண்ணாடிய நான் தூக்கினேன். சொல்றதுன்னா ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க."

முகத்தைக்கூடத் திருப்ப முடியாத நிலையில் நீ சொன்ன அந்த வார்த்தையைவிடப் பெரிய புத்திமதி எதையும் நான் உனக்குச் சொல்லிவிட முடியாது. அதையே உனக்குத் திருப்பித் தருகிறேன். ஒன்று நடந்தால் பாதியைச் சொல்லாதே. மற்றவர்கள் பங்கைச் சொல்லும்போது உன் பங்கையும் சொல். உன் பங்கைச் சொல்லும்போது, தியாகி மாதிரி எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு மற்றவர்கள் பங்கை மறைக்கவும் வேண்டாம். அவள் போன பிறகு நான் வராந்தாவில் தேடினேன், கிடைக்கவில்லை. போன் செய்துதான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அங்கிள்" என்றாள். பெரிய மனசு.

ஓட்டை ஒட்டுவதற்காகக் கண்ணுக்குள் கேஸ் நிரப்பியிருந்தார்கள். அந்தக் குமிழி பின்பக்கமாகப் போய் அழுத்திக்கொண்டிருக்க நீ முகத்தைக் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் குனிந்தபடி, தூங்கினாலும் குப்புற. "கேஸ அளக்கறவன் கண்ணுலயே கேஸ வச்சிட்டாங்கப்பா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, உன் முகத்தைப் பார்க்க முடியவில்லையே என்று உன் அம்மா ஒரு வேலை செய்தாள், ஞாபகம் இருக்கிறதா? நீ நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்க, அவள் தரையில் பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டாள். கீழிருந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பூதிகோட்டையில் இருக்கும் உன் மாமா வீட்டுச் சண்டை, தக்காளி விலை, எதிர்வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசுவாள். உனக்குப் பதில் சொல்லப் பிடிக்காதபோதும் பேசுவாள். ஒரு வாரத்துக்கும் மேல் அப்படித்தான் இருவரும் முகம் பார்த்துக்கொண்டீர்கள்.

ஓட்டை ஒட்டிவிட்டது, பார்வை முழுசாகத் திரும்பவில்லை. நடுவில் ஒரு மங்கல் நின்றுவிட்டது. அது இனி போகாது என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. அதே வேலை, அதே லேசர், இன்னும் பெரியது. நீ அம்மாவிடம் சொன்னாய். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அந்த வேலைய உட மாட்டியா?"

"விட்டுட்டா கண்ணு திரும்பி வந்துடுமாம்மா?"

"வராது. ஆனா இன்னொண்ணு போவாது."

அவள் பயத்தைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடாதே. உன் விஞ்ஞானத்தில் எவ்வளவு நியாயம் இருக்கிறதோ அவ்வளவு நியாயம் அவள் பயத்திலும் இருக்கிறது. நீயும் அதை உணர்ந்ததால்தான் பேச்சை வளர்க்காமல், "ஒருவாட்டி வந்து பாருங்கம்மா. பாத்துட்டு வேணாம்னா வேணாம்" என்றாய்.

வந்தோம். ஸ்டேஷனில் நீ காத்திருந்தாய். மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தில் உன் அம்மா உன்னை ஒட்டியே நடந்தாள். உங்கள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் மேடம் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார்கள். சென்னைப் பக்கத்துக்காரர் என்பதால் தமிழிலேயே பேசினார்கள். உட்காரச் சொல்லி டீ வருமுன்பே, "இப்ப செஞ்சிருக்கற பாதுகாப்ப நாங்க முன்னாடியே செஞ்சிருக்கணும். செய்யல. அது என் பொறுப்பு" என்றார்கள். சண்டை போடத் தயாராக வந்த எனக்கு, பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நீ அந்த அறையைக் காட்டினாய். மேஜை முழுவதையும் சுற்றிக் கறுப்புத் தகடுகளால் ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு. அதற்கு ஒரே ஒரு கதவு. கண் ஆறிக்கொண்டிருந்த நாட்களில் நீயும் நந்தினியும் சேர்ந்து வடிவமைத்தது என்று மேடம் சொன்னார்கள். லேசர் ஓடும்போது யாரும் உள்ளே இருக்க வேண்டியதில்லை, எல்லாம் வெளியே திரையில் தெரியும். கதவு ஒரு விரல் அளவு திறந்தாலும் லேசர் தானாகவே நின்றுவிடும் என்றாய். நந்தினி திரை முன்னால் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். உள்ளே எரியும் நெருப்பின் உறுமல் மட்டும் கேட்டது.

"நிக்கும்னு யாரு சொன்னது?" என்றாள் உன் அம்மா.

"நாங்களே பண்ணதும்மா. நிக்கும்."

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். நான் பதறிப்போனேன். 'டக்' என்று ஒரு சத்தம், திரை வெறுமையாயிற்று. எடுத்துக்கொண்டிருந்த படங்களெல்லாம் பாழ். அவள் கதவை மூடிவிட்டு வந்து உட்கார்ந்து, "ம், ஓட்டுங்க" என்றாள். நந்தினி மறுபடி எல்லாவற்றையும் சரிசெய்து தொடங்கினாள். சிறிது நேரம் ஓடியது. உன் அம்மா மறுபடி எழுந்தாள். 'டக்.' அங்கிருந்த மற்ற மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்கு மேடத்தின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"உங்கம்மா வந்து பாத்தாங்களாம்மா இத?" என்று உன் அம்மா நந்தினியிடம் கன்னடத்தில் கேட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. ஊர்ல இருக்காங்க."

"அப்ப அவங்களுக்கும் சேத்து ஒருவாட்டி தொறந்து பாத்துடறேன்."

மூன்றாவது முறையும் அந்த 'டக்' வந்தது. முதலில் மேடம் சிரித்தார்கள். நந்தினி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நீ சுவரில் சாய்ந்து நின்று சிரித்தாய், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "போதும்மா, லேசரே பயந்துடும்" என்றாய்.

அதன்பிறகுதான் நீங்கள் எங்களுக்குப் படத்தைக் காட்டினீர்கள். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எடுத்த படங்களை நீட்டி நிதானமாக ஓட்டினாய். நான் அடுக்களையில் பார்த்த நெருப்பு அது இல்லை. வெளிச்சமான காற்றுக்கு நடுவில் ஒரு கறுப்பு நாக்கு, நீ சொன்னபடி மிகச் சூடான இடம், நெளிந்து, மடங்கி, ஓரத்தில் கிழிந்தது. கிழிந்த துண்டு தனியாகப் பிரிந்து மேலே போய், வெளுத்து, குளிர்ந்து, சுற்றியிருந்த காற்றோடு காற்றாயிற்று. இத்தனை காலம் நாம் பொங்கித் தின்ற நெருப்புக்குள் இதெல்லாம் நடந்துகொண்டிருந்திருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. நீ வலது பக்கம் சற்றுத் திரும்பி, நல்ல கண்ணைத் திரைக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். நாங்கள் அங்கே இருப்பதை மறந்துவிட்டிருந்தாய். நான் திரையைக் கொஞ்ச நேரமும் உன்னைக் கொஞ்ச நேரமுமாகப் பார்த்தேன். கடைக்கு வாடா என்று இனி உன்னைக் கூப்பிடக் கூடாது என்று நான் முடிவு செய்தது அப்போதுதான். வருத்தத்தோடு இல்லை. இவனுக்கு இதுதான் இடம் என்று கண்ணாலேயே பார்த்துவிட்ட பிறகு கூப்பிட வாய் வரவில்லை.

அங்கே போனால் குளிரும் என்கிறார்கள், சோறு கிடைக்காது என்கிறார்கள், அதெல்லாம் நீ சமாளித்துக்கொள்வாய். நான் கேட்பது ஒன்றுதான். உடம்புக்கு ஒன்று என்றால் அன்றைக்கே சொல். நாங்கள் கலங்குவோம் என்று மறைக்காதே. கலங்குவது எங்கள் வேலை, அதை எங்களிடமிருந்து பிடுங்காதே. மூன்று வாரம் கழித்துத் தெரிந்தபோது கண்ணைவிட எனக்கு அதிகம் வலித்தது, அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீ தனியாக அந்தப் புள்ளியைச் சுமந்துகொண்டு எங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே, அதுதான். அங்கே உன்னிடம் வேலை கற்க ஒரு ஜூனியர் வந்தால், அவன் தவறு செய்யும் நாளில் ஆஸ்பத்திரியில் நீ சொன்ன வார்த்தையை நினைத்துக்கொள். கண்ணாடியைத் தூக்காதே என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், தூக்காதே.

கடைசியாக உன் அம்மா விஷயம். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உன் நெருப்பைப் பார்த்துவிட்டு அன்று சாயங்கால ரயிலில் திரும்பும்போது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பங்காருப்பேட்டை தாண்டி, கோரமண்டல் ஸ்டேஷன் நெருங்கும்போது, "பாத்தீங்களா, சிரிச்சான்" என்றாள்.

"யாரு?"

"உங்க புள்ளதான். கண்ணு போனதுலர்ந்து நம்ம வீட்ல ஒருவாட்டியாவது சிரிச்சானா? பாயில மல்லாந்து படுத்துக்கினு எத்தினி கத சொன்னேன், சிரிக்கல. அங்க, அந்தப் பொட்டி முன்னாடி நின்னுக்கினு, வாய் உட்டு சிரிச்சான்." பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "போவட்டும்" என்றாள்.

நான் உடனே உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அவள் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்பவே சரின்னுட்டா, விசா அது இதுன்னு பெங்களூர்லயே உக்காந்துக்குவான். இல்லன்னு சொல்லி வைங்க. கெஞ்சறதுக்காவது வாராவாரம் வருவான்."

அன்றிலிருந்து நீ ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாய். அந்த ஊரின் படங்களைப் போனில் காட்டினாய், மேடத்தை விட்டுப் பேசச் சொன்னாய், பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தாய். அவள் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டாள். நீ ரயிலேறிப் போன பிறகு, "இன்னிக்கு நல்லாவே கெஞ்சினான்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

வரப்போகிற ஞாயிறுதான் கடைசி. அன்றைக்கு அவள் சரி என்று சொல்லிவிடுவாள். அதுவரை உனக்கு எதுவும் தெரியாதது போலவே இரு. காலை வண்டிக்கே வந்துவிடு. வந்ததும் ஆரம்பிக்காதே, சாப்பிட்டுவிட்டு மெதுவாக ஆரம்பி. அவசரமில்லாமல், சாயங்காலம் வரைக்கும் கெஞ்சு.

அப்பா